துப்பத் தெரியாத மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் பெயர் தீர்த்தகிரி. இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதில்லை. எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது எருமப்பட்டிக்குத் தெற்கே ஒரு மேட்டுக்காட்டில். வானம் பார்த்து விதைக்கிற பூமி. கம்பும் சோளமும் விளைந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கண்ணில் படுகிற சங்கதி, அதுவும் ஆளுக்கு ஒரு கை. அதனால் அவர் சோறு சாப்பிடுகிற விதமே தனி. வட்டிலுக்கு வெளியே ஒரு பருக்கை விழுந்துவிட்டால் பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மீதிப் பேச்சு.

சண்டைக் காலத்தில் மழை பொய்த்தபோது பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் போடுவது, ரோடு போடுவது, கிணறு தோண்டுவது என்று அந்தப் பட்டாளத்துக்கு அதுதான் வேலை. பெங்களூரில் பழக்கி, பர்மாவுக்கு அனுப்பினார்கள். சண்டை முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிற நேரத்தில் இவருடைய கம்பெனியைக் கப்பலேற்றி ஜப்பானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோற்ற நாட்டைக் காவல் காக்கப் போன பட்டாளம் அது. ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு நாற்பத்தேழில் திரும்பி வந்தார்.

வந்த கையோடு அவருடைய தாய்மாமன் மயில்சாமி பெண் தேட ஆரம்பித்தார். அப்படித்தான் புதுச்சத்திரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

எங்கள் வீட்டில் பெண் கேட்டு வருவது அப்போது லேசான காரியம் இல்லை. என் அக்கா பொன்னாயியை ரங்கன் என்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அவர் குடித்தே காட்டை அழித்தார். கள்ளுக்கடைகளைச் சர்க்கார் மூடிய பிறகும் எங்கேயோ தேடிப் பிடித்துக் குடித்தார். குடித்துவிட்டு அக்காவை அடிப்பார். ஒரு நாள் அக்கா வீங்கின கன்னத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. என் அப்பா அர்த்தநாரி அன்றைக்கே ஒன்று முடிவு செய்தார். சின்னவளைக் கட்ட வருகிறவன் யாராக இருந்தாலும், குடியைத் தொட்டதில்லை என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

முதல் தடவை வந்தபோது அவர் அதிகம் பேசவில்லை. அம்மா கொடுத்த பச்சைப்பயறைத் தின்றுவிட்டு, கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வைத்தார். பட்டாளத்துப் பழக்கம் போலிருக்கிறது. "ஐயையோ, ஆம்பளைங்க ஏனுங்க கழுவறீங்க" என்று அம்மா ஓடினார். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டாள். அவள் திரும்பி வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு இந்த இடமே அமைய வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்ய நாள் பார்த்தார்கள். அதற்குள் மயில்சாமி மாமா சேந்தமங்கலம் சந்தையில் வாயை விட்டுவிட்டார். "எம் மருமவன் ஜப்பான்காரன் சாராயம் காய்ச்சற ஊட்டுக்குள்ளயே போய் உக்காந்து குடிச்சிட்டு வந்தவனாக்கும்" என்று பெருமை பேசியிருக்கிறார். அது எங்கள் அப்பா காதுக்கு வர ஒரு சந்தை நாள்கூட ஆகவில்லை.

உறுதி செய்கிற நாள் காலையில் மாமாவும் மருமகனும் வந்து வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அப்பா தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொல்லவில்லை. நேராகக் கேட்டார்.

"கோயலுக்குப் போலாங்களா? கற்பூரம் அடிச்சுட்டு வந்து மத்ததைப் பேசிக்கலாம்."

மயில்சாமி மாமா மருமகன் தொடையைக் கிள்ளியது எனக்குச் சன்னல் வழியாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கள்ளு தொடலீன்னு அடிச்சிருடா. நீ கள்ளைத் தொடலீல்ல? சாராயமும் தொடலீல்ல? ஜப்பான்காரன் தண்ணி அம்மனுக்கு என்ன தெரியும்?"

அவர் மாமாவின் கையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அடிக்க முடியாதுங்க மாமா. ஒருக்கா குடிச்சிருக்கறேன்."

அடுப்படியில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாவு ஆட்டிக்கொண்டிருந்த அக்கா குழவியை நிறுத்தினாள்.

அப்பா எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. ஒத்துக்கொள்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"எப்பிடிக் குடிச்சீங்க? சொல்லுங்க, கேக்கலாம்."

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறேன், ஆனால் அன்று சொன்னதுதான் முழுசு.

ஜப்பானில் இருந்தபோது மார்கழிக் குளிரில் அங்கே ஒரு பெரிய பூகம்பம் வந்ததாம். பட்டாளத்துக்காரர்கள் ஊர்க்காரர் வீட்டுக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. ஆனால் ரோடு பிளந்து, வீடுகள் சரிந்து கிடந்ததால் இவர்களை ஊர் ஊராக அனுப்பி வேலை வாங்கினார்கள். ஒரு ஊரில், அரிசியில் மது வடிக்கிற பழைய வீட்டில் கிணறு இடிந்து உள்ளே கல் விழுந்துவிட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் அவர்களுக்கு வேலையே இல்லை. இறங்கிக் கல் எடுக்க இவரை விட்டார்கள்.

"தண்ணி ஐஸு மாதிரிங்க. ஒடம்பு வெறைச்சுப் போச்சு. மேல வந்தா, அந்த ஊட்டுப் பெரியவரு ஒரு கனத்த துணியைப் போத்தி உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. உத்தரவு ஞாபகத்துல இருந்துச்சுங்க. குளிரு அதைவிடப் பெருசா இருந்துச்சு."

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று அம்மா கேட்டார். அப்பா முறைத்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நகர்ந்தார், போகவில்லை.

"ஆள் உசரத்துக்குக் கொப்பரைங்க. அதுல அரிசியை ஆவியில வேக வெக்கறாங்க. வேக வெக்கறதுக்கு முன்னால அரிசியைத் தீட்டித் தீட்டி நொய்யளவுக்கு ஆக்கிப்புடறாங்க."

"அட பாவமே. தவுடு?" இது அப்பா.

"வீணாக்கறதில்லீங்க. பலகாரம் சுட்டுக்கறாங்க."

அப்பா கொஞ்சம் சமாதானமானார்.

"வெந்த அரிசியை ஒரு சூடான அறையில பரப்பி பூசணம் புடிக்க வெக்கறாங்க. வெளிய பனி, உள்ள ஆளுங்க வெத்து ஒடம்போட வேர்த்து ஊத்தி நிக்கறாங்க."

"பூசணமா? கருமம்! அதையா குடிச்சீங்க?" என்றார் அம்மா.

"தின்னும் பார்த்தேனுங்க. இனிக்குது."

மயில்சாமி மாமா தலையில் அடித்துக்கொண்டார். "போதும்டா. நீயே உன்னைக் கெடுத்துக்கற."

ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை. நான் அன்று கண்டுகொண்டது இதுதான். தனக்குப் பிடித்த ஒன்றைக் குறைத்துச் சொல்ல அவருக்கு வராது. பெண் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் கண்ணெல்லாம் மின்னச் சொல்லிக்கொண்டே போனார். பெரிய மரத்தொட்டிகளாம், ஏணி வைத்து ஏறி நீளக் கழியால் கலக்குவார்களாம். கலக்கும்போது பாட்டு. எத்தனை நேரம் கலக்க வேண்டும் என்பதற்குப் பாட்டுத்தான் கணக்கு, பாட்டு முடிந்தால் கையும் நிற்கும். தொட்டி மேல் காதை வைக்கச் சொன்னாராம் அந்தப் பெரியவர். உள்ளே நுரைத்துப் பொங்குவது மழை பெய்கிற சத்தமாகக் கேட்டதாம்.

"மழைங்களா?" என்று அப்பா கேட்டார்.

"ஓட்டு மேல பேயற தூறலுங்க மாமா. நம்மூர்ல ஆடியில கேக்கணும்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்போமே, அந்தச் சத்தம். நான் காதை எடுக்கவே இல்ல. அவரே புடிச்சு இழுத்தாரு."

பிறகு ஒரு பலகையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அடியில் நீல வளையம் போட்ட கோப்பைகள், தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஒன்றில் அந்த வீட்டில் வடித்தது. மற்றவை அக்கம்பக்கத்து ஊர்களில் வடித்தவை. பெரியவர் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ளேயே உருட்டி, மூக்கால் மூச்சு விட்டு, பக்கத்தில் இருந்த மரவாளியில் துப்பினார். கூட இருந்த வேலைக்காரர்களும் ருசி பார்த்துத் துப்பினார்கள். இவரையும் அப்படியே செய்யச் சொல்லிச் சாடை காட்டினார்கள்.

"நீயும் துப்பியிருக்கலாமுல்லடா!" மயில்சாமி மாமாவுக்கு உயிர் வந்தது. "துப்புனா குடிச்ச கணக்கு ஆவாது. அர்த்தநாரி, கேட்டீங்களா?"

"துப்பலீங்க மாமா."

"ஏன்டா?"

"அரிசியில்லீங்களா அது?" என்றார் அவர். "அத்தனை அரிசி. தீட்டி, கழுவி, வேக வெச்சு, ராப்பகலா காத்து வடிச்சது. வாயில வாங்கிப்புட்டு நெல்லுச்சோத்தை எப்பிடித் துப்பறது? எனக்கு மனசு வரலீங்க. முழுங்கிட்டேன். எல்லாத்தையும் முழுங்கிட்டேன்."

அப்பா கீழே பார்த்தார். அந்த வருஷம் ரேஷன் அரிசிக்கு நாங்கள் நின்றது எங்களுக்குத்தான் தெரியும்.

"எப்பிடி இருந்துச்சு?" அப்பாவே கேட்டார். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல் மீசையைத் தடவினார்.

"கடலோர ஊர்ல வடிச்சது கடைசியில நாக்குல ஒரு உப்புக்கல்லு பட்ட மாதிரிங்க. மலையூர்ல வடிச்சது பச்சைத்தண்ணியாட்டமா எறங்குது, குடிச்சதே தெரியல, அப்பறம் காது சுடுது. அந்த ஊட்டுது இருக்குதுங்களே, வெள்ளரிப்பழம் பழுத்து வெடிச்சிருக்குமில்ல, அந்த வாசம். ஒரே அரிசி, ஒரே வேலை. தண்ணிதான் வேற. ஊருக்கு ஊரு தண்ணி மாறுனா ருசி மாறுது."

அப்போதுதான் அக்கா எழுந்து வந்தாள். மாவுக் கையோடு வாசல்படியில் நின்றாள். ஆண்கள் பேசுகிற இடத்தில் அவள் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

"குடிச்சுப்புட்டு என்ன பண்ணுனீங்க?"

அப்பா அவளைத் தடுக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த வீட்டில் அவளுக்குத்தான் உரிமை இருந்தது.

அவர் முதல்முறையாகத் தயங்கினார்.

"அழுதேனுங்க அம்மிணி."

"யாரையாச்சும் அடிச்சீங்களா?"

"இல்லீங்க. அந்தப் பெரியவரு ஒரு போட்டோவைக் கொண்டாந்து காட்டுனாரு. அவரு மகன். பட்டாளத்துத் துணி போட்டிருந்தான். அவரு பேசுனதுல எனக்கு ஒரே ஒரு சொல்லுத்தான் வெளங்குச்சு. பர்மா. நானும் பர்மாவுல இருந்தவன்தானுங்களே. அவன் திரும்பி வரல. அவரு என் கையைப் புடிச்சுக்கிட்டு அவரு பாசையில என்னென்னமோ சொன்னாரு. நான் எங்க மேட்டுக்காட்டைப் பத்தித் தமிழ்ல சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம். அப்பறம் அவரு குடிச்ச கோப்பையிலயே எனக்கு ஊத்திக் குடுத்தாரு. அது அவுங்க வழக்கம். எச்சின்னு எனக்குத் தோணல. வாய் வெச்சுக் குடிச்சேன். கேம்புக்குத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தாங்க. அவில்தார் தண்டனைக்குக் கக்கூசுக் குழி வெட்ட விட்டாரு."

"மறுநா?" என்றாள் அக்கா.

"மறுநாளும் போனேனுங்க."

மயில்சாமி மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கெணத்துல பாதிக் கல்லு மிச்சமிருந்துச்சு. எடுத்துப்புட்டு வந்தேன். உள்ள கூப்பிட்டாங்க. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் தொட்டதில்ல."

அப்பா எழுந்தார். "உண்மையைச் சொன்னீங்க. சந்தோசம். ஆனா நான் வெச்ச வார்த்தை வெச்சதுதான். குடிச்சவருக்குப் பொண்ணு இல்லீங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல எனக்குத் துணிவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, "அப்பா" என்றாள். "குடிச்சதில்லீன்னு அடிக்க முடியாதுன்னா, இனிக் குடிக்க மாட்டேன்னு அடிக்கட்டுமே."

அப்பா செருப்பை மாட்டினார். அது சம்மதம்தான். எல்லாரும் கோயிலுக்கு நடந்தோம். நானும் அக்காவும் பின்னால்.

பூசாரி சென்றாயன் அம்மன் முன்னால் கல்லில் பெரிய கற்பூரக் கட்டியை ஏற்றி வைத்தார். "சொல்லி அடிங்க சாமி" என்றார்.

அவர் கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது.

"ஒரு விலக்கு இருக்குதுங்க" என்றார்.

"விலக்கா?" பூசாரிக்கு விளங்கவில்லை. "அம்மங்கிட்டயா? இதென்ன ரேஷன் கடைங்களா?"

"அந்தப் பெரியவரு என்னைக்காச்சும் இங்க வந்து, அவரு கையால ஒரு கோப்பை நீட்டுனா, என்னால வேண்டாங்க முடியாதுங்க. மகனைப் பறிகுடுத்தவரு. அது ஒண்ணைத் தவிர, உசுரு போனாலும் தொட மாட்டேன். அதைச் சேத்துச் சொல்லித்தான் அடிக்க முடியும்."

மயில்சாமி மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், அவன் கடலைத் தாண்டி புதுச்சத்திரத்துக்கு வந்து பஸ்ஸுல எறங்கப் போறானாடா? சும்மா அடிடா! கற்பூரம் கரையுது!"

"வந்துட்டாருன்னா?"

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "வெளையாட்டுங்களா இது? அம்மன் சந்நிதியில பேரம் பேசறவருக்கு எம் பொண்ணா?" என்று திரும்பி நடந்தார்.

அக்கா குறுக்கே போய் நின்றாள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அவுரு ஒருக்காகூடப் பேரம் பேசலீப்பா. மூணு கோயல்ல கற்பூரம் அடிச்சாரு. கேட்டவொடனே அடிச்சாரு, சிரிச்சுக்கிட்டே அடிச்சாரு. ஒரு விலக்கும் கேக்கல." ரங்கனைத்தான் சொன்னாள், பெயர் சொல்லாமல். "காப்பாத்தோணும்னு நெனைக்காதவருக்கு விலக்கு எதுக்கு? இவரு நெசமாலுமே காப்பாத்தப் போறாரு. அதனாலதான் பயப்படறாரு."

அப்பா நின்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பூசாரி சென்றாயன் கற்பூரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு, "விலக்கோட அடிச்சா அம்மன் ஏத்துக்குவாளாங்க?" என்று அப்பா அவரிடம் கேட்டார்.

"முன்னப்பின்ன கேட்டதில்லீங்க" என்றார் பூசாரி. "ஆனா சொல்லிப்புட்டு அடிக்கறாரு. ஒளிச்சு அடிக்கல."

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். "அடிங்க."

அவர் விலக்கை மறுபடி முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல், சத்தமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கற்பூரம் நன்றாகப் பற்றிக் கல்லெல்லாம் சுட்டது. அவசரப்படவில்லை. முடித்துவிட்டுத்தான் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்தபோது தோல் கன்றியிருந்தது. அக்கா விபூதித் தட்டை நகர்த்திவிட்டு விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து என் கையில் திணித்தாள். நான் அவர் பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "எரியலீங்க" என்றார். பொய். கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

கோயிலிலிருந்து திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. அப்பா முன்னால் விறுவிறுவென்று போனார். கல்யாணம் உண்டா இல்லையா என்று அவர் வாயால் இன்னும் சொல்லவில்லை. மயில்சாமி மாமா அம்மாவிடம் மெல்ல, "உப்பும் சக்கரையும் ஊட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "இருக்குது, இருக்குது, அவுரு சொல்லட்டும்" என்றார் அம்மா.

ஓடைப்பாலத்துக்கிட்ட அப்பா நின்றார். பின்னால் வருகிறவர்களுக்காக நிற்பதுபோல் நின்று, மாப்பிள்ளை பக்கத்தில் வந்ததும் கேட்டார்.

"ஏனுங்க, அந்த ஊர்ல பனி காலத்துல மாட்டுக்கு என்ன தீவனம் போடறாங்க?"

"வைக்கோலுதானுங்க மாமா. ஆனா நம்மளாட்டமா போர் வெக்கறதில்ல. மரத்துல கட்டித் தொங்க விடறாங்க."

"தொங்க விட்டா நனையாதா?"

"அதாங்க நானும் கேட்டேன்..."

இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். வைக்கோலை எப்படிக் கட்டுவார்கள் என்று அவர் எண்ணெய் பூசின கையால் காற்றில் காட்டினார். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் எடுத்து வைக்க எல்லாருக்கும் முன்னால் குறுக்கு வழியில் ஓடினார்.